விரல் நுனி மரத்துப்போன வருடம்

2024 ஜனவரி 8

பொங்கலுக்கு இன்னும் ஒரு வாரம்தான். தைக்க வேண்டிய ஜாக்கெட் பத்தொன்பது பாக்கி. சாயங்காலம் ஒரு மாம்பழ நிறப் பட்டு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது கொக்கிக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு புள்ளி. நூல் சாயம் இறங்கிவிட்டதோ என்று பதறி விரலை எடுத்துப் பார்த்தால் ரத்தம். ஊசி ஏறியது எனக்குத் தெரியவே இல்லை.

உடனே எச்சில் தொட்டுத் துடைத்தேன். அவரவர் ரத்தக்கறைக்கு அவரவர் எச்சில்தான் மருந்து என்று அக்கா கற்றுக்கொடுத்தது. கறை போய்விட்டது. பயம் போகவில்லை. கால் ஆறு மாதமாகவே மதமதவென்று இருக்கிறது. மோட்டார் மிதியில் எவ்வளவு அழுத்துகிறேன் என்று தெரியாமல் மெஷின் திடீர் திடீரென்று ஓடுகிறது. இப்போது கையுமா?

ஜனவரி 19

டோக்கன் 41. இரண்டே கால் மணி நேரம் காத்திருந்தேன், உள்ளே நான்கு நிமிடம். மூன்று வருடத்தில் இவர் நான்காவது டாக்டர். இரண்டு இட்லிக்கே வயிறு நிறைந்துவிடுகிறது, நாள் முழுக்க உப்புசம், நாக்கு எரிகிறது, கால் மரத்துப்போகிறது என்று வரிசையாகச் சொன்னேன். நாக்கு வரைக்கும் போவதற்குள் மாத்திரை எழுத ஆரம்பித்துவிட்டார். “கேஸ்தாம்மா. நேரத்துக்குச் சாப்பிடுங்க. டென்ஷனைக் குறைங்க.” கால்? “உட்கார்ந்தே வேலை பார்க்குறீங்கல்ல, அதான்.”

அதே பான்டோப்ரஸோல்தான். மூன்று வருடமாக வெறும் வயிற்றில் விழுங்கிக்கொண்டிருக்கும் அதே மாத்திரை, பெயர் மட்டும் வேறு. ஹீமோகுளோபின் 10.2 இருக்கிறது என்று இரும்புச்சத்து மாத்திரையும் சேர்த்து எழுதினார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். ஒருவராவது என்னைத் தொட்டுப் பார்த்திருக்கலாம்.

ஜனவரி 28

அம்மா காலையிலேயே நெல்பேட்டைப் பக்கம் போய் சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், வாங்கி வந்துவிட்டாள். மதுரையில் ரத்தம் குறைவு என்றால் இதுதான் முதல் வைத்தியம். மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வதக்கித் தட்டில் வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள். நான்கு துண்டுக்கு மேல் இறங்கவில்லை. நாக்கில் மிளகு பட்டதும் உயிர் போகிற எரிச்சல். அவள் ஒன்றும் சொல்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு போனது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

பிப்ரவரி 11

மகள் ஹாஸ்டலிலிருந்து வந்திருக்கிறாள். பி.ஃபார்ம் மூன்றாம் வருடம். பீரோவில் கிடந்த ரிப்போர்ட்டுகளை எல்லாம் தரையில் தேதி வாரியாகப் பரப்பினாள். 2021-லிருந்து மொத்தம் பதினொன்று. ஒவ்வொன்றிலும் ஒரே வரியில் பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டே வந்தாள். எம்.சி.வி. என்று ஒன்று, ரத்தச் சிவப்பணுவின் சராசரி அளவாம். 80-லிருந்து 100 வரை இருக்கலாம். எனக்கு 103, 106, 109, கடைசியில் 114.

“அம்மா, இரும்புச்சத்துக் குறைவு மட்டும்னா அணு சின்னதாகணும். உனக்குப் பெருசாகிட்டே போகுது. இதுல வைட்டமின் பி12 பார்த்திருக்கணும்.”

அந்த எண்ணுக்குப் பக்கத்தில் லேப்காரர்களே ‘அதிகம்’ என்று குறி போட்டிருந்தார்கள். மூன்று வருடமாக அந்தக் குறி அங்கேயேதான் இருந்திருக்கிறது. டாக்டர்கள் எல்லாரும் முதல் வரியில் ஹீமோகுளோபினை மட்டும் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். ஆத்திரத்தில் கை நடுங்கியது.

பிப்ரவரி 15

மகள் விசாரித்துச் சொன்ன டாக்டரம்மாவிடம் போனோம். உட்கார்ந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, “நாக்கை நீட்டுங்க.” டார்ச் அடித்து நிதானமாகப் பார்த்தார். சொரசொரப்பு எல்லாம் போய் மழமழவென்று சிவந்து கிடக்கிறதாம்.

அப்புறம் இரண்டு கால் முளைத்த இரும்புக் கவை ஒன்றைத் தட்டி என் கழுத்து எலும்பில் வைத்தார். ஜிவ்வென்று அதிர்ந்தது. அதையே தட்டிக் கால் கட்டைவிரலில் வைத்தார். இரும்பு சில்லென்று இருந்தது, அவ்வளவுதான். கணுக்காலிலும் ஒன்றுமில்லை. முழங்காலுக்கு வந்த பிறகுதான் அதிர்வு தெரிந்தது. கண்ணை மூடி நிற்கச் சொன்னார். சாய்ந்தேன், நர்ஸ் பிடித்துக்கொண்டார்.

“எத்தனை வருஷமா தைராய்டு மாத்திரை போடுறீங்க?” என்று கேட்டார். ஒன்பது வருடம். தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார். இதற்கு முன் யாரும் அதை என் வயிற்றோடு சேர்த்துக் கேட்டதில்லை.

பிப்ரவரி 17

பி12: 92. குறைந்தது 200-க்கு மேல் இருக்க வேண்டும். வைட்டமின் டி-யும் 14தான். அதற்கு வாரம் ஒரு பாக்கெட் பொடி, 60,000 யூனிட், பாலில் கலந்து எட்டு வாரம்.

ரத்தம் எடுத்து முடித்ததுமே, ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல், ஊசியை ஆரம்பித்துவிட்டார். நரம்பு விஷயத்தில் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாதாம். மருந்து குங்குமத்தைக் கரைத்த மாதிரி நல்ல சிவப்பு. பி12-க்குள் கோபால்ட் இருக்கிறது, அந்த நிறமே அதனால்தான் என்று மகள் சொன்னாள். 1000 மைக்ரோகிராம், ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

பிப்ரவரி 23

எண்டோஸ்கோப்பி. தொண்டையில் கசப்பாக ஸ்ப்ரே அடித்தார்கள், நாக்கோடு தொண்டையும் மரத்துப்போனது. குழாய் உள்ளே இறங்கும்போது வந்த குமட்டலை எழுத விருப்பமில்லை. பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. சதை எடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

மார்ச் 4

பயாப்ஸி வந்துவிட்டது. டாக்டரம்மா ஒரு வெள்ளைத் தாளில் இரைப்பையை வரைந்து காட்டினார். அதன் சுவரில் சில அணுக்கள் அமிலம் சுரக்கின்றன. அதே அணுக்கள்தான் ஒரு புரதத்தையும் சுரக்கின்றன. பி12 அந்தப் புரதத்தோடு சேர்ந்து போனால்தான் சிறுகுடலின் கடைசிப் பகுதி அதை உள்ளே எடுத்துக்கொள்ளும். என் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அந்த அணுக்களை எதிரியாக நினைத்து அழித்துக்கொண்டிருக்கிறது. தைராய்டும் எனக்கு இப்படித்தான் கெட்டிருக்கிறது, இரண்டும் பல பேருக்குச் சேர்ந்தே வருமாம்.

அப்படியென்றால் மூன்று வருடமாக நான் சாப்பிட்டது, ஏற்கனவே அமிலம் வற்றிக்கொண்டிருந்த வயிற்றுக்கு அமிலம் குறைக்கிற மாத்திரை. அதுவே பி12 சேர்வதையும் இரும்பு சேர்வதையும் இன்னும் கெடுக்கும். இரும்பு மாத்திரையோடு இருந்த ஃபோலிக் ஆசிட் இன்னொரு ஆபத்து. அது ரத்தத்தைக் கொஞ்சம் தேற்றிக் காட்டும், நரம்பு மட்டும் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும். ஒருமுறை ஹீமோகுளோபின் 11 வந்தபோது, “பாருங்க, சரியாயிடுச்சு” என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அந்த மாதம்தான் காலில் எறும்பு ஊர ஆரம்பித்தது.

இரவு மகள் ஒரு கதை சொன்னாள். நூறு வருடத்துக்கு முன் இந்த நோய் வந்தால் சாவுதானாம். 1926-இல் அமெரிக்காவில் மைனாட், மர்ஃபி என்ற இரண்டு டாக்டர்கள் தினமும் நிறைய ஈரல் கொடுத்துப் பிழைக்க வைத்திருக்கிறார்கள். 1934-இல் விப்பிள் என்பவரோடு சேர்த்து அவர்களுக்கு நோபல் பரிசு. அவ்வளவு ஈரல் தின்றால் புரதத்தின் துணையில்லாமலேயே துளி பி12 ரத்தத்தில் சேர்ந்துவிடும். 1948-இல்தான் பி12-ஐத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். அம்மாவிடம் சொன்னேன். “நான் வாங்கியாந்தப்ப நாலு துண்டோட எந்திரிச்சியே” என்றாள்.

மார்ச் 21

முதல் இரண்டு வாரத்திலேயே நாக்கு ஆறிவிட்டது. ரசம் காரமாகச் சாப்பிட முடிகிறது! வயிற்று உப்புசம் மட்டும் அப்படியேதான், அதற்கு ஊசி உதவாது என்று முன்பே சொல்லிவிட்டார். கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து வேளை சாப்பிடுகிறேன். இரும்பு மாத்திரை விழுங்கினால் முன்னும் பின்னும் டீ தொடுவதில்லை. கால் எரிச்சல் நடுவில் அதிகமாகிப் பயந்துபோனேன், இப்போது அடங்கியிருக்கிறது.

ஏப்ரல் 22

மீனாட்சி தேர். போன வருடம் கூட்டத்துக்குப் பயந்து வீட்டிலேயே இருந்துவிட்டேன். இன்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு மாசி வீதியில் நின்றேன். செருப்பைக் கழற்றியதும் தார் ரோடு சுட்டது. சுடுகிறது, சுடுகிறது என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டே நின்றேன், அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மே 13

இரும்புக் கவை வைத்துப் பார்த்தார். கணுக்கால் வரைக்கும் அதிர்வு தெரிகிறது. கட்டைவிரல் இன்னும் இல்லை. அது திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று மறைக்காமல் சொன்னார். எம்.சி.வி. 94. இனி மாதம் ஒரு ஊசி, ஆயுசு முழுக்க. மூன்று வருடத்துக்கு ஒருமுறை எண்டோஸ்கோப்பி, இந்த வகை இரைப்பையில் புற்றுநோய் வரும் வாய்ப்பு சற்று அதிகம் என்பதால்.

கொக்கி வேலையை மறுபடியும் நானே செய்கிறேன், விரல் தொப்பி போட்டுக்கொண்டு.

அக்காவுக்கும் தைராய்டு இருக்கிறது. ஒரு வருடமாக நாக்கு எரிகிறது என்கிறாள், இரண்டு டாக்டர் பார்த்துவிட்டார்கள். நாளை காலை வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கக் கூட்டிப் போகிறேன். எம்.சி.வி., பி12 என்று ஒரு சீட்டில் எழுதி அவள் பர்ஸில் வைத்தாயிற்று.