இருபது நிமிஷம்தான் கேட்டார்

"தம்பி, ஒரு இருபது நிமிஷம் கண்ணசந்துட்டு வந்துடட்டுமா?" அவர் கேட்டது இவ்வளவுதான். விடிகாலை நாலு மணி இருக்கும். நான் சொன்னதும் பெரிசாக ஒன்றுமில்லை: "டீ வருதுண்ணே, குடிச்சா சரியாயிடும்." அதட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. ஆனாலும் ஒன்றரை வருஷமாக அந்த 'சரியாயிடும்' என்னை விடுவதாயில்லை.

எங்கள் நூல் மில்லில் அரை நைட் (நள்ளிரவு வரையிலான ஷிஃப்ட்) முடித்தவரை முழு நைட்டும் (அதிலிருந்து காலை எட்டு வரை) பார்க்கச் சொன்னது, ஷிஃப்டுக்குப் பொறுப்பாக இருந்த நான்தான். அடுத்த ஷிஃப்ட் சைடர் (அறுந்த நூலை ஒட்டி மெஷினைப் பார்த்துக்கொள்பவர்) வரவில்லை, நூல் நூற்கும் ஃபிரேமை நிறுத்திப்போட்டால் காலையில் புரொடக்‌ஷன் கணக்கு கேட்பவருக்கு யார் பதில் சொல்வது? அவரும் மாட்டேன் என்று சொல்லவில்லை, டபுள் பார்த்தால் காசு (இதை எனக்கு நானே அடிக்கடி சொல்லிக்கொள்கிறேன்). அறுந்த ஒரே நூலை டிராவலரில் (நூல் ஓடுகிற குட்டிக் கொக்கி) கோக்க மூன்று தடவை முயன்று மூன்று தடவையும் நழுவவிட்டார். இருபது வருஷம் நூல் ஒட்டிய கை அது. அதைப் பார்த்துக்கொண்டேதான் டீயைப் பற்றிப் பேசினேன்.

காலையில் வீட்டுக்குப் போகிற வழியில் மொபெட்டோடு மைல்கல்லில் மோதி விழுந்தார். எதிரே வண்டி எதுவும் வரவில்லை. பிரேக் பிடித்த தடமும் இல்லை. தோள்பட்டையில் எலும்பு முறிவு.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தினமும் எத்தனை மணி நேரம் தூங்குவீர்கள் என்று கேட்டதற்கு, "முழு நைட் பாக்குற வாரத்துல நாலு மணி நேரம்" என்றார், ஏதோ சாப்பிட்ட இட்லிக்குக் கணக்குச் சொல்வதுபோல. ஏழு மணி நேரமாவது வேண்டுமாம். அவருக்குச் சர்க்கரை வேறு. தூக்கம் குறைந்தால் அதுவும் ஏறும் என்றார் டாக்டர். தகரக் கூரைக்குக் கீழே சித்திரை மாதத்துப் பகலில் ஏழு மணி நேரத் தூக்கத்துக்கு எங்கே போவது?

அப்புறம்தான் இதையெல்லாம் தேடிப் படித்தேன். 17 மணி நேரம் விழித்திருந்தாலே கவனமும் கையும் ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவனுடையதைப் போல மந்தமாகிவிடுமாம், 24 மணி நேரமானால் 0.10 கணக்கு. நம் சட்டப்படி 0.03 தாண்டினாலே வண்டி ஓட்டக் கூடாது. அவர் முந்தின நாள் காலை ஏழு மணிக்கு எழுந்தவர். குடித்துவிட்டு வந்திருந்தால் கேட்டிலேயே திருப்பி அனுப்பியிருப்பேன். டீ விஷயமும் அப்படித்தான்: விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்கிற, தூக்கத்தை வரவைக்கும் பொருள் சேர்ந்துகொண்டே போகிறது, டீயில் இருக்கிற காஃபீன் அதை மறைக்குமே தவிர குறைக்காது, தூங்கினால்தான் குறையும்.

சரி, இருபது நிமிஷம் விட்டிருந்தால் விழாமல் இருந்திருப்பாரா? தெரியாது. அதற்குப் பிறகும் நாலு மணி நேரம் ஓட வேண்டியிருந்தது. தூங்கவிட்டு மேலே யாராவது பார்த்திருந்தால் இரண்டு பேருக்கும் மெமோ. எட்டு மணிக்காவது, "வண்டியை விட்டுட்டு பஸ்ல போங்கண்ணே" என்று சொல்லியிருக்கலாம். அதற்கு யாரும் மெமோ கொடுத்திருக்க மாட்டார்கள். அது ஏன் தோன்றவில்லை என்று யோசித்தால், நானும் அந்த வாரம் முழுக்கத் தூக்கமில்லாமல்தான் இருந்தேன். இது காரணமா, சாக்கா?

இப்போதெல்லாம் யாராவது கேட்டால், பஞ்சு மூட்டைப் பக்கம் போய்ப் படுங்கள் என்று கண்டும் காணாமல் விட்டுவிடுகிறேன். மேனேஜர் ஊரில் இல்லாத நாட்களில் மட்டும்.

போன வாரம் மறுபடி ஆள் குறைந்தது. அவரே வந்து, "நான் பாத்துக்கிறேன் தம்பி" என்றார். காலையில் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்று கேட்டேன்.

"ஏழு."

பெயரை எழுதிக்கொண்டேன்.