சலேத் மாதா முன்னால் அம்மா

தம்பி மகன் குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த நாட்களில் அம்மா நேர்ந்துகொண்டது இது. பிள்ளை பிழைத்தால் ஆகஸ்ட் 15 திருநாளுக்குக் கொடைக்கானல் சலேத் மாதா கோவிலுக்குத் தூக்கி வருவேன் என்று. அவன் இப்போது வீட்டில் ஒரு டம்ளரை விட்டுவைப்பதில்லை. அம்மாவின் முட்டிதான் போய்விட்டது. "நடக்க முடியலன்னா தவழ்ந்து போறேன்" என்றாள். வத்தலக்குண்டில் வாடகைக் கார் பிடித்தோம்.

திருநாளும் சுதந்திர தின விடுமுறையும் ஒரே நாள். கூட்டத்தைக் கேட்கவா வேண்டும்? 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் எடுத்துத்தான் மலையேற வேண்டும், ஆனாலும் வண்டி குறைந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. பெருமாள்மலை தாண்டி ஊர்ந்த வரிசை வெள்ளி நீர்வீழ்ச்சிப் பக்கம் அப்படியே நின்றுவிட்டது. "ரூம் வேணுமாக்கா, லேக் பக்கத்துல" என்று கண்ணாடியைத் தட்டித் தட்டி ஒரு பையன் உயிரை எடுத்தான். அம்மா எதையும் காதில் வாங்கவில்லை. ஜெபமாலையில் துக்க தேவ இரகசியங்களை முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

1860களில் பிரெஞ்சு சேசு சபைக் குருக்கள் எழுப்பிய கோவில். உள்ளே தள்ளுமுள்ளு. மாதாவை செல்போனில் பிடிக்கிறவர்கள் கும்பிடுகிறவர்களுக்கு வழி விடுவதாக இல்லை. மன்னவனூர், பூம்பாறைப் பக்கத்து மேல்மலைப் பெண்கள் ஸ்வெட்டருக்கு மேல் முக்காடு போட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். அம்மா நேராக அவர்களிடம் போய் உட்கார்ந்தாள். அப்பா போன பிறகு அதே மேல்மலையில் பூண்டுக்குக் களையெடுத்தும் உருளைக்கிழங்கு தோண்டியும்தான் எங்களை வளர்த்தாள்.

கூட்டம் கொஞ்சம் விலகியதும் பேரனை மாதா முன்னால் நிறுத்தினாள். பிள்ளைக்காகத்தான் வேண்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"தாயே, ஞாயித்துக்கிழமையில பூசைய விட்டுட்டு கெழங்குக் காட்டுக்குப் போனேன். மழையில அழுகிரும்னு கூப்புட்டாங்க. கூலிய விட முடியல."

எத்தனை வருடம் இதை மனதில் வைத்திருந்தாளோ. 1846 செப்டம்பர் 19 அன்று பிரான்சில் சலேத் மலையில் மாடு மேய்த்த மெலனிக்கும் மாக்சிமினுக்கும் மாதா காட்சி கொடுத்தாள். முகத்தைக் கையில் புதைத்து அழுதுகொண்டிருந்தவள், ஞாயிற்றுக்கிழமையைக் கூட ஜனங்கள் ஆண்டவருக்குக் கொடுப்பதில்லையே என்றுதான் சொல்லி அழுதாள். பிரசங்கத்தில் இந்த இடம் வந்தாலே அம்மா தலையைக் குனிந்துகொள்வாள்.

ஆனால் அதே மாதா அழுகிப்போன உருளைக்கிழங்கைப் பற்றியும் பேசினாள் அல்லவா? கோதுமை கெட்டுப்போன வருடத்தில் மாக்சிமினின் அப்பா, மகன் கையில் ரொட்டியைக் கொடுத்து, இப்போதே சாப்பிடு, அடுத்த வருடம் இருக்குமோ என்னவோ என்று சொன்னதைப் பையனே மறந்துவிட்டிருந்தான். மாதாதான் நினைவுபடுத்தினாள். அடுப்படிக் கவலை வரைக்கும் தெரிந்தவளுக்கு என் அம்மா ஏன் காட்டுக்குப் போனாள் என்பது தெரியாதா என்ன? இதை நான் அம்மாவிடம் சொல்ல வாயெடுப்பதற்குள் பக்கத்தில் இருந்த மேல்மலை அக்கா முந்திக்கொண்டாள்.

"யாருக்கா போகல? பாத்துக்கிட்டுத்தான இருந்தா அவளும்."

அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும்தான். பேரன் ஒன்றும் புரியாமல் மெழுகுவர்த்தியைத் தரையில் உருட்டிக்கொண்டிருந்தான்.

அப்புறம் பூசை கண்டோம், சாமியார் பிள்ளையின் தலையில் கைவைத்து மந்திரித்தார், எங்கோ வரிசையில் நின்று சாப்பிட்டோம். எது முன்னால் எது பின்னால் என்று சரியாக ஞாபகமில்லை. தாயே, பெட்டிக்குள் கிடந்த பிள்ளையை நடக்க வைத்தாய். அந்த அக்காவை அம்மா பக்கத்தில் உட்கார வைத்ததும் நீதான். கோடி நன்றி அம்மா. மரியே வாழ்க!