கஞ்சிக்கோட்டில் ஆளில்லாத ஆறு மாடிக் குடியிருப்புக்குள்

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காடு போகும் வழியில் வாளையாறைத் தாண்டினால் கஞ்சிக்கோடு. அங்கே மூடிப்போன ஒரு ஆலையின் ஊழியர் குடியிருப்பு பல வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. ஆறு மாடி, இரண்டு பிளாக். அங்கே இருந்தவர்களில் நிறையப் பேர் எங்கள் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள். இடிக்கப்போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியதும், "எங்க வீட்டை ஒருக்கா போட்டோ எடுத்துக் குடு சாமி" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நான் சிவில் டிப்ளமோ படித்துக் கட்டட வேலை பார்ப்பவன். அதனால் என்னிடம் கேட்டார்கள்.

முதலில் அனுமதி. ஆளில்லாத கட்டடத்துக்கும் உரிமையாளர் உண்டு. அத்துமீறி நுழைவது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 329-வது பிரிவில் வருகிறது. சொத்தைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்துக்குக் கடிதம் போட்டேன், பதிலே இல்லை. நேரில் போய் உட்கார்ந்த பிறகுதான் கையெழுத்து கிடைத்தது. யார் யார் வருகிறோம், எதற்கு, எந்த நேரம், எங்கள் பாதுகாப்புக்கு நாங்களே பொறுப்பு என்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தோம். தனியாகப் போகவே கூடாது. என்னோடு கூட வேலை பார்க்கும் நண்பர் வந்தார். கீழே வாட்ச்மேன் அண்ணன் இருந்தார். இத்தனை மணிக்குள் இறங்காவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று அவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் ஏறினோம்.

உள்ளே போவதற்கு முன் கட்டடத்தை வெளியே சுற்றி வந்ததுதான் அன்றைக்குச் செய்ததிலேயே முக்கியமான வேலை என்பேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன் மாதத்திலிருந்து மேற்குக் காற்று மழையைச் சாய்த்து அடிக்கும். அந்த மேற்குச் சுவர் முழுக்கப் பாசி பிடித்து, பூச்சு கழன்று, கம்பி வெளியே தெரிந்தது. கிழக்குச் சுவரில் பெயிண்ட்கூட மிச்சம் இருந்தது. ஒரே கட்டடம்தான், ஆனால் இரண்டு பக்கத்துக்கும் வயசு வேறு. தண்ணீர் எங்கே இறங்கியிருக்கிறது என்று கீழே நின்று படித்துவிட்டால், மேலே எங்கே கால் வைக்கக் கூடாது என்பது பாதி தெரிந்துவிடும்.

நல்ல கான்கிரீட்டில் காரத்தன்மை அதிகம், பி.எச். அளவு 12-க்கு மேல் இருக்கும். அதுதான் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. வருஷக்கணக்கில் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு உள்ளே இறங்க இறங்க அது 9-க்குப் பக்கத்தில் வந்துவிடும். அப்புறம் ஈரம் பட்டால் போதும், துரு தொடங்கிவிடும். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் தேவை, அதனால் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்து தள்ளுகிறது. மொட்டை மாடி வடிகாலை அடைக்காமல் வைத்திருந்தாலே இந்தக் கட்டடம் இன்னும் நன்றாக நின்றிருக்கும். அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

பால்கனிப் பக்கம் போகவே இல்லை. நீட்டி நிற்கும் பால்கனிக்கு முக்கியக் கம்பி மேல் பக்கத்தில்தான் இருக்கும், தண்ணீர் தேங்குவதும் அங்கேதான். கீழிருந்து பார்த்தால் பழுதில்லாத மாதிரி தெரிந்தாலும் நம்பக் கூடாது. குளியலறையும் அப்படித்தான். தளத்தைத் தாழ்த்திக் கட்டி, உள்ளே செங்கல் ஜல்லி நிரப்பியிருப்பார்கள், கசிந்த தண்ணீர் அதற்குள்ளேயே நிற்கும். அதன் மேலும் நிற்கவில்லை, நேர் கீழேயும் நிற்கவில்லை.

"செவுத்த ஒட்டியே நடங்க தம்பி, நடு ரூமுக்குப் போகாதீங்க" என்றார் வாட்ச்மேன் அண்ணன். படித்தவன் சொல்வதும் அதுதான்: சுவருக்கும் உத்தரத்துக்கும் பக்கத்தில் தளம் பலமாக இருக்கும். ஒரு கம்பியால் தரையைத் தட்டிக்கொண்டே போனோம். பொக்கையாகச் சத்தம் கேட்ட இடத்தை விட்டு விலகினோம்.

படிக்கட்டில் கைப்பிடியே இல்லை. பழைய இரும்புக்கு அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சுவரைக் கீறிச் செம்புக் கம்பியையும் உருவியிருந்தார்கள். லிஃப்டின் கதவுகளும் போய்விட்டன. ஒவ்வொரு மாடியிலும் இருட்டான திறப்பு ஒன்று வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. டார்ச் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. தரைத்தளத்தில் தண்ணீர்த் தொட்டியின் மூடியும் திறந்து கிடந்தது. நீண்ட நாள் மூடிக்கிடந்த தொட்டிக்குள் ஆக்சிஜன் குறைவாக இருக்கலாம், யாரும் உள்ளே இறங்கக் கூடாது.

உள் அறைகளில் வௌவால் இருந்தது. 2018-ல் கோழிக்கோட்டில் நிபா வைரஸ் காய்ச்சல் வந்ததிலிருந்து இந்தப் பக்கம் வௌவால் என்றாலே பயம். நிபாவோடு தொடர்புடையது மரத்தில் தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவால்; இங்கே இருந்தது பூச்சி பிடிக்கும் சின்ன வகை. ஆனாலும் எச்சத் தூசி நெஞ்சுக்கு நல்லதில்லை. N95 முகக்கவசம், கையுறை, கனமான ஷூ எல்லாம் கடைசி வரை கழற்றவில்லை.

நான்காவது மாடியில் ஒரு சமையலறைக் கதவுக்குப் பின்னால் பென்சிலில் பால் கணக்கு இருந்தது. பக்கத்திலேயே கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதிகள், வரிசையாக, தமிழில். எதிர்வீட்டில் அதே இடத்தில் மலையாளத்தில் கணக்கு. அங்கே கொஞ்ச நேரம் நின்றோம். படம் எடுக்க ஃபிளாஷ் போடாமல், டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து எடுத்தேன்; அப்போதுதான் பென்சில் கோடு தெளிவாக விழுந்தது. அந்தப் படத்தைப் பார்த்த அம்மா ஒருவர், தேதிகளை எழுதியது தன் மாமியார் என்று சொன்னார். பிரிண்ட் போட்டுக் கேட்டார், கொடுத்துவிட்டேன்.

மொட்டை மாடிக்குப் போகவில்லை. அங்கே உள்ள தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் மலைத்தேனீ அடை பெரிதாகத் தொங்கியது. கலைந்தால் கூட்டமாக வந்து கொட்டும், ஓடித் தப்பிக்கப் படிக்கட்டில் கைப்பிடியும் இல்லை. கீழிருந்து ஜூம் பண்ணி எடுத்ததோடு சரி.

"மரடு மாதிரி வெடி வெச்சுத் தகர்த்துருவாங்களா தம்பி?" என்று இறங்கியதும் அண்ணன் கேட்டார். 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் கொச்சி மரடில் அடுக்குமாடிகளைத் தகர்த்ததை டிவியில் பார்த்தவர். அது கடலோர விதியை மீறியதற்கு உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு, இங்கே அப்படி வழக்கில்லை என்றேன்.

லிஃப்ட் திறப்பு, தொட்டி மூடி இரண்டையும் படத்தோடு எழுதி அலுவலகத்தில் கொடுத்தோம். அந்த முற்றத்தில் சாயங்காலம் பசங்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். தரைத்தளத்து லிஃப்ட் திறப்புக்குப் பலகை அடித்துவிட்டார்கள் என்று அண்ணன் போனில் சொன்னார். தொட்டியை இன்னும் மூடவில்லை, அதற்கு மறுபடியும் கடிதம் எழுதியிருக்கிறேன்.