560 எடுத்தும் கட் ஆஃப் 180தான்: கணிதத்தில் நான் விட்டது

ரிசல்ட் வந்து மூன்று வாரம் ஆகப்போகிறது. பிளஸ் டூவில் 600க்கு 560. அம்மா அன்றைக்கே கேசரி கிண்டித் தெரு முழுக்கக் கொடுத்துவிட்டு வந்தார். இன்ஜினியரிங் சேர்க்கைக்கு 200க்குக் கணக்கிடும் கட் ஆஃப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கணிதம் 88, இயற்பியல் 91இல் பாதி 45.5, வேதியியல் 93இல் பாதி 46.5, ஆக 180. பக்கத்து பெஞ்சுத் தோழி மொத்தம் 545தான், ஆனால் கணிதம் 99, கட் ஆஃப் 192.

கணிதத்துக்கு முழு 100, மற்ற இரண்டுக்கும் பாதி என்பது எனக்கும் தெரியும். தெரிந்தும் அரையாண்டில் உயிரியல் 84க்கு இறங்கிவிட்டது, கிளாஸ் ரேங்க் போய்விடும் என்று ஜனவரி முழுக்க அதையே கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உயிரியல் 96, தமிழ் 97 வந்தது. இரண்டும் இந்த 200க்குள் வராது. கணிதத்தில் ஒரு மதிப்பெண் போனால் ஈடுகட்ட இயற்பியலில் இரண்டு வேண்டும், இதைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

நேற்று விடைத்தாள் நகலை இறக்கிப் பார்த்தேன். போன 12 எங்கே என்று தெரிந்தது. மூன்று மதிப்பெண் பகுதியில் 31 முதல் 40 வரையுள்ள வினாக்களில் ஏழு போட வேண்டும். 31 முதல் 39க்குள்ளேயே ஏழு கணக்கு போட்டிருக்கிறேன், ஏழும் சரி. ஆனால் அந்த ஏழில் ஒன்றாக 40ஆம் கட்டாய வினா இருக்க வேண்டும், அதைத் தொடவே இல்லை, அதனால் ஆறுக்குத்தான் மதிப்பெண். ஏழாவது கணக்கின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. அதைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் அழுதேன். வகைக்கெழுச் சமன்பாட்டில் குறி மாறி 4 போனது. மீதி 5 ஒரு மதிப்பெண் வினாக்களில்.

அடுத்த வருடம் எழுதுபவர்களுக்கு:

- ஒரு மதிப்பெண்ணுக்கு புக் பேக், அதாவது பாடத்தின் பின்னால் இருக்கும் வினாக்கள், மட்டும் போதாது. எனக்குப் போனதில் மூன்று பாடத்தின் உள்ளிருந்து வந்தவை. இரண்டில் விடை சரி, அதற்கு முன்னால் எழுத வேண்டிய விடைக் குறியீடு தவறு.
- இரண்டு மதிப்பெண் பகுதியில் 30ஆம் வினாவும் இதேபோல் கட்டாயம். 30, 40 இரண்டையும் அந்தந்தப் பகுதியில் முதலில் போடுங்கள்.
- தினமும் காலையில் கணிதம், கையால் எழுதிப் பார்ப்பது. எனக்குப் படித்துப் பார்த்தால் மனதில் நிற்காது.
- கட் ஆஃப் சமமாக இருந்தால் ரேங்க் போடும்போது முதலில் பார்ப்பதும் கணித மதிப்பெண்ணைத்தான்.

வேளாண்மைக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கட் ஆஃப் கணக்கு பொருந்தாது, அங்கே நான்கு பாடத்துக்கும் தலா 50, உயிரியலும் சேரும். அரசு கலைக் கல்லூரியில் நான்கு முக்கியப் பாடங்களையும் சேர்த்து 400க்குப் பார்ப்பார்கள். மருத்துவம் என்றால் நீட்தான். எதற்குப் போகப்போகிறீர்கள் என்பதை ஜூன் மாதமே முடிவு செய்துவிட்டு நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

மறுமதிப்பீட்டுக்குப் போடலாம் என்று அப்பா சொல்கிறார். அந்த 40ஆம் எண்ணுக்கு நேரே நான் எழுதவே இல்லையே, அப்பா. தம்பி இந்த வருடம் பிளஸ் டூ. இன்று காலை ஒரு பழைய வினாத்தாளைக் கொடுத்தேன். பேனாவை எடுத்ததும் 30ஐயும் 40ஐயும் வட்டம் போட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தான்.