மருத்துவர் கேட்டது என்னை

சென்ற நவம்பரில், கனடாவில் வான்கூவரை ஒட்டிய பர்னபியில் எங்கள் குடும்ப மருத்துவர், இரத்த அழுத்தத்தையும் தூக்கத்தையும் விசாரித்த அதே குரலில், தாம்பத்திய ஆசை எப்படி இருக்கிறது என்று கேட்டார். "அவர் என்னை நெருங்கி இரண்டு மாதமாகிறது" என்றேன். அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நான் உங்கள் கணவரைப் பற்றிக் கேட்கவில்லையே" என்றார். ஸ்கைட்ரெயினில் ஏறியபோது வந்த சிரிப்பு, மெட்ரோடவுன் நிலையம் வருவதற்குள் சுருக்கென்று குத்தத் தொடங்கியிருந்தது.

பெண் பார்க்க வந்தவர்களின் பஜ்ஜித் தட்டு காலியானதும், பிடித்திருக்கிறதா என்று அவரைத்தான் கேட்டார்கள். என்னிடம் அப்பா, "அவர்களுக்கு உன்னைப் பிடித்துவிட்டது, சம்மதம்தானே?" என்றார். பிறருக்குப் பிடித்துப்போவதே என் விருப்பம் என்று 24 வயதில் நானும் நம்பியிருந்தேன்.

அடுத்த முறை மருத்துவர் ஒரு வட்டம் வரைந்து காட்டினார். 2000-ஆம் ஆண்டில் இதே வான்கூவரைச் சேர்ந்த மருத்துவர் ரோஸ்மேரி பாஸன் முன்வைத்த விளக்கம் அது: நீண்ட உறவில் இருக்கும் பல பெண்களுக்கு ஆசை முன்கூட்டியே தானாக எழுவதில்லை, நெருக்கத்துக்கு இசைந்த பிறகு, தீண்டலுக்கு மறுமொழியாக எழுவதும் உண்டு, அது நோயன்று. ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் விரும்பப்பட வேண்டும் என்ற ஏக்கத்தைக் கழித்துவிட்டால் எனக்கென்று என்ன மிஞ்சும் என்பதை அந்த வட்டத்தில் எங்கே தேடுவது?

தஞ்சாவூர்ப் பேருந்து நிலையத்தில் துப்பட்டாவை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு நின்ற எனக்கு, இங்கே அக்டோபர் முதல் மார்ச் வரை மழையங்கிக்குள் மூட்டையாக நடமாடலாம், எவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை என்பது முதலாண்டில் பெரிய விடுதலை. அந்தப் பார்வைகளை நான் இன்றும் மன்னிக்கவில்லை. ஆயினும் அவற்றோடு, "மாம்பழக் கலர் உனக்கு எடுக்கிறதடி" என்னும் அத்தையின் குரலும் போய்விட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் தீபாவளிக்கு அரக்குப் பட்டைக் கட்டி, கண்ணாடி முன் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு வந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டாயா?" என்றார். அன்றிரவு நான் அழுதது அவர்மேல் கொண்ட ஆசையாலா, என்னை அழகியாகக் காண ஒரு கண் கிடைக்காத கோபத்தாலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கோபத்தால்தான் என்பது என் சந்தேகம்.

தலைவி தன் வேட்கையைத் தலைவன் முன் வாய்விட்டுச் சொல்வதில்லை, புதுப்பானையில் பெய்த நீர் கசிவதுபோல அது புலப்படும் என்னும் தொல்காப்பியச் செய்தியைக் கல்லூரியில் மதிப்பெண்ணுக்காகப் படித்தேன். உள்ளே நீர் இருப்பது பானைக்குத் தெரியுமா என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

யோசித்தால் ஒரு நாள் அகப்படுகிறது. திருமணமான ஆண்டு, சித்திரை வெயிலில், கொல்லைக் கிணற்றடியில் முதுகைக் காட்டியபடி அவர் நீர் இறைத்துக்கொண்டிருந்தார். என் தலை கலைந்திருந்தது, புடவையெல்லாம் மாவு. நான் நிற்பதே அவருக்குத் தெரியாது. கயிற்றோடு அசைந்த அந்தத் தோள்களைக் கதவிடுக்கிலிருந்து பார்த்தேன். அவர் எனக்கு வேண்டும் என்று இருந்தது.

இந்த ஊர் பழகிவிட்டது என்று அம்மாவிடம் வாரந்தோறும் தொலைபேசியில் சொல்கிறேன். நேற்று மாலை, ஒழுகும் குழாயைச் சரிசெய்யச் சமையலறையில் குனிந்திருந்தவர் சட்டென்று திரும்பி, "என்ன பார்க்கிறாய்?" என்றார். ரசம் பொங்குகிறதா என்று பார்த்ததாகச் சொன்னேன். அடுப்பை அணைத்து அரை மணி நேரமாகியிருந்தது.