ஊருக்குப் போனால் அரிப்பு குறையுதா?

தோல் பிரிவில் செவிலியராகச் சேர்ந்த புதிதில், கை அரிப்பு என்று யார் வந்தாலும் என்ன மருந்து போட்டார்கள் என்றுதான் முதலில் கேட்பேன். இப்போது முதல் கேள்வி வேறு: "லீவுல ஊருக்குப் போனா குறையுதா?" இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு கொத்தனார்.

நாற்பதைத் தாண்டியவர். உள்ளங்கை இரண்டும் தடித்து, விரல் மடிப்பெல்லாம் வெடித்திருந்தது. புறங்கையில் நீர் கசிந்து காய்ந்த பொருக்கு. கரப்பான் என்று யாரோ சொன்னதால் இரண்டு வருடமாகக் கத்திரிக்காயும் கருவாடும் தொடவில்லை. மெடிக்கலில் வாங்கிய ஸ்டீராய்டு களிம்பைப் போட்டால் அடங்கும். விட்டால் பழையபடி பொங்கும். பேச்சுவாக்கில், "பொங்கலுக்கு ஊர்ல இருந்த பத்து நாளும் நல்லாத்தான் இருந்துச்சு சிஸ்டர்" என்றார். பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த டாக்டர் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

பேட்ச் டெஸ்ட் வைத்தோம். ஒவ்வாமை தரக்கூடிய பொருள்களைச் சின்னச் சின்ன வட்டக் கிண்ணங்களில் துளியளவு வைத்து முதுகில் ஒட்டுவது. 48 மணி நேரம் முதுகில் தண்ணீர் படக்கூடாது, வியர்க்கக்கூடாது. பிரித்த பிறகும் ஓரிரு நாளில் மறுபடி வந்து காட்ட வேண்டும். நமக்கு அது பரிசோதனை. அவருக்கு அத்தனை நாள் கூலி. ஆனாலும் வந்தார். எல்லா வட்டமும் வெறுமையாக இருக்க, ஒன்று மட்டும் சிவந்து தடித்து, குருணை போலக் கொப்புளம் கட்டியிருந்தது. பொட்டாசியம் டைக்குரோமேட். சிமென்டில் இருக்கும் குரோமியத்துக்கான சோதனை அது.

"இருபது வருஷமா தொடுற சிமென்ட்டு, இப்ப எப்படி சிஸ்டர்?" என்றார். ஒவ்வாமை அப்படித்தான், வருடக்கணக்கில் பழகிய பொருளையே உடம்பு ஒருநாள் பகையாகப் பார்க்கத் தொடங்கிவிடும். அதன்பின் இன்று தொட்டதற்கு நாளையோ மறுநாளோதான் பொங்கும். அதனால்தான் பழி நேற்றுத் தின்ற கருவாட்டின் மேல் விழுகிறது.

"இனிமே சிமென்ட்டைத் தொடாதீங்கண்ணே" என்று சொல்லிவிட்டேன். அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வேற என்ன வேலை தெரியும் எனக்கு?" அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அப்படி ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

பிறகுதான் உட்கார்ந்து, காலையிலிருந்து அந்தக் கை என்னென்ன தொடுகிறது என்று கேட்டேன். கலவை, கரண்டி, மட்டப்பலகை. சாப்பாட்டுக்கு முன் கை கழுவுவது எங்கே? கரண்டியும் சட்டியும் கழுவுகிற அதே டிரம்மில். அதில் இருப்பது சிமென்ட் தண்ணீர். தண்ணீர் பட்டால்தான் அந்தக் குரோமியம் கரைந்து தோலுக்குள் இறங்கும். கை சுத்தமாகிறது என்று நினைத்து, நாளுக்கு நாலு தடவை அதிலேயே முக்கியிருக்கிறார்.

கை கழுவத் தனியாக ஒரு கேன் தண்ணீர். கழுவித் துடைத்ததும் வாசலின். உள்ளே பருத்தி உறை, மேலே நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் உறை. சாதாரண ரப்பர் உறையில் சேர்க்கும் ரசாயனமே சிலருக்கு ஒவ்வாமை தரும். கலவை உள்ளே போய்விட்டால் உடனே கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் உறை போடாததைவிட மோசம். குரோமியம் போட்டுப் பதனிட்ட தோல் செருப்பும் வேண்டாம் என்றார் டாக்டர். கருவாடு தாராளமாகச் சாப்பிடலாம் என்றதும் அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை மறக்க முடியாது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல், சிமென்டில் கரையக்கூடிய அந்தக் குரோமியம் 2 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் இரண்டு பங்குக்கு, மேல் இருக்கக்கூடாது. இரும்பு சல்பேட் கலந்து அதைக் குறைக்கிறார்கள். தான் பிரிக்கிற மூட்டையில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எங்கள் கொத்தனாருக்கு வழியில்லை. எனக்கு அது பெரிய ஆதங்கம்.

மூன்று மாதம் கழித்து வந்தார். வெடிப்பு மூடியிருந்தது, தடிப்பு முழுதாகப் போகவில்லை. இந்த ஒவ்வாமை லேசில் விடாது என்று முன்பே சொல்லியிருந்தோம். சட்டையெல்லாம் சிமென்ட் படிந்திருந்ததைப் பார்த்து, வீட்டில் யார் துவைப்பது என்று கேட்டேன்.

"வீட்டுக்காரிதான்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவளுக்கும் விரலெல்லாம் வெடிச்சிருக்கு சிஸ்டர். சோப்புன்னு நெனச்சோம்" என்றார்.

அடுத்த புதன்கிழமை அந்த அம்மா வந்தார்.