புல்லர் இருக்கும்போது சுத்தியல் எதற்கு?

தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டராக இருக்கிறேன். கொழுந்து வாட்டும் விசிறி மோட்டாரில் பெயாரிங் (ஷாஃப்ட் என்னும் சுழல்தண்டைத் தாங்கும் குண்டு வளையம்) இரைந்தால், அதைக் கழற்றப் பையன்கள் முதலில் சுத்தியலைத்தான் தேடுவார்கள். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. அடித்தால் ஷாஃப்ட் முனை நசுங்கும், அப்புறம் புது பெயாரிங்கும் ஏறாது.

புல்லர் என்பது கால்களால் பெயாரிங்கைக் கவ்வி, நடுத்திருகை முறுக்கி ஷாஃப்டிலிருந்து இழுத்தெடுக்கும் கருவி. அதில் மூன்று கால் உள்ளதுதான் நல்லது. இரண்டு கால் சாயப் பார்க்கும். இடமில்லாத மூலைக்கு மட்டும் சரி. கால்கள் உள்வளையத்தைப் பிடிக்க வேண்டும். வெளிவளையத்தை இழுத்தால் பாரம் முழுக்கக் குண்டுகள் வழியாகப் போய், அவை ஓடும் தடத்தில் பள்ளம் விழும். திருகின் முனை ஷாஃப்டின் நடுவில் உட்காரட்டும், மரைக்குக் கொஞ்சம் கிரீஸ். இறுகி நின்றால் எண்ணெய் விட்டுப் பொறுத்திருங்கள். புல்லரின் காலுக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள், தம்பிமாரே.

மூடியில்லாத புது பெயாரிங்கை 110 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினால் தானாகவே வழுக்கி ஏறும். 120ஐத் தாண்ட விடமாட்டேன்.